பள்ளி விட்ட பின் பிள்ளைகளைப் பார்க்க என்ன கூலி?

(இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார உழவர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



சாகுபடிச் செலவைக் கணக்கிடும்போது உழவு, விதை, உரம், பூச்சி மருந்து, களையெடுப்பு, எடுப்புக் கூலி, வண்டி வாடகை என்று ஒன்று விடாமல் எழுதுகிறோம். ஒரே ஒரு செலவு மட்டும் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. பருத்தி எடுக்கப் போன தாயின் பிள்ளையைப் பள்ளி விட்ட பிறகு யார் பார்த்துக் கொண்டார்கள், அவருக்கு என்ன கொடுத்தோம் என்பதே அது. அந்தத் தொகையை எவ்வாறு முடிவு செய்வது என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

இது பெண்கள் சமாச்சாரம் என்று ஆண்கள் சிலர் எழுந்து போக நினைக்கலாம். தயவு செய்து உட்காருங்கள். எடுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை என்று ஒவ்வோர் ஆண்டும் குறைப்படுபவர்கள் நீங்கள்தான்.

நம் பகுதியின் வேலை நேரம் எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். பருத்தியைக் காலையில் பத்து, பதினோரு மணிக்குள் எடுப்பது நல்லது என்று பல்கலைக்கழகம் பல காலமாகச் சொல்லி வருகிறது. பனி ஈரம் இருக்கும்போது எடுத்தால் காய்ந்த இலைச் சருகு பஞ்சோடு ஒட்டி வராது; சருகில்லாத பருத்திக்கு விலையும் உண்டு. அப்படியானால் தாய் விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். பிள்ளை பள்ளிக்குப் போவதோ ஒன்பது மணிக்கு. மாலையில் நான்கு மணியளவில் பள்ளி விட்டு விடும். வேலைக்குப் போனவர் வீடு திரும்ப ஆறரை, ஏழு ஆகிறது. இராஜபாளையத்தில் மில் ஷிப்டுக்குப் போகிறவர்கள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்குப் போகிறவர்கள் வீட்டிலும் இதே கதைதான். கணவர் மில்லிலும் மனைவி காட்டிலும் இருக்கும் குடும்பங்கள் இங்கு நிறைய உண்டு.

விடுமுறை வந்தால் நிலைமை இன்னும் இறுகுகிறது. ஏப்ரல் கடைசியில் பள்ளி அடைத்து ஜூன் தொடக்கத்தில்தான் திறக்கிறது. அந்த வாரங்களில்தான் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் தோப்பிலிருந்து இறங்குகின்றன. மாசிப் பட்டப் பருத்திக்குக் களையெடுப்பும் மண் அணைப்பும் அப்போதுதான். செப்டம்பர் இறுதியில் காலாண்டு விடுமுறை, டிசம்பர் இறுதியில் அரையாண்டு விடுமுறை. நிலத்துக்கு விடுமுறை கிடையாது.

அரசு செய்து வரும் உதவிகளைக் குறைத்துச் சொல்லவில்லை. 1975-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் வந்தன. 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டு முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்து விட்டது. விடியலில் காட்டுக்குப் போகும் தாய்க்கு இது பெரிய ஆறுதல். ஆனால் அங்கன்வாடி சிறு பிள்ளைகளுக்கு. பள்ளிச் சோறு பள்ளி நடக்கும் நாளுக்கு. ஆறு வயதிலிருந்து பதினொரு வயது வரை உள்ள பிள்ளை, மாலை நான்கு மணிக்கும் விடுமுறை நாளிலும் யார் பொறுப்பு என்பதற்கு எந்தத் திட்டத்திலும் முழு விடை இல்லை.

எனவே ஊரே ஓர் ஏற்பாடு செய்து கொள்கிறது. தெருவில் ஒரு வீட்டில் ஐந்தாறு பிள்ளைகள் கூடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். கோளாறு பணத்தில்தான் வருகிறது.

"மதினி, மாசம் என்ன தரட்டும்?"

"உனக்குத் தெரியாததா, பாத்துக் குடு தாயி."

இந்தப் "பாத்துக் குடு" என்ற சொல் கேட்க இனிமையாக இருக்கும். மூன்றாவது மாதம் பேச்சு நின்று விடும். கொடுப்பவர் நிறையக் கொடுத்து விட்டதாக நினைப்பார். வாங்கியவர் ஏமாந்து போனதாக நினைப்பார். மாமன் மச்சான் உறவுக்குள் என்றால் இன்னும் மோசம், கேட்கவும் முடியாது, விடவும் முடியாது. ஒரு நாள் "எனக்கு முடியவில்லை" என்று அந்த அம்மாள் கதவைச் சாத்தி விடுவார். மறு நாளே எட்டாம் வகுப்புப் படிக்கும் மூத்த பெண் பள்ளிக்குப் போகாமல் தம்பியைப் பார்த்துக் கொண்டு வீட்டில் நிற்பாள். பேசாமல் விட்ட கூலியை அந்தப் பெண் கட்டுகிறாள்.

ஆட்டுக்குப் பேசுகிறோம், தோப்புக்குப் பேசுகிறோம்

ஆடு மேய்க்க விடும்போது தலைக்கு மாதம் இவ்வளவு என்று பேசித்தான் விடுகிறோம். மாந்தோப்புக்குக் காவல் போடும்போது பூவிலிருந்து கடைசிக் காய் இறங்கும் வரை இவ்வளவு என்று பேசுகிறோம். ஒரு மாதம் திருடனே வரவில்லை என்பதற்காகக் காவலாளிக்குக் கூலி குறைப்பது உண்டா? அவர் அங்கே இருந்ததற்குத்தான் கூலி. பிள்ளை பார்ப்பதும் அப்படியே. "அந்தம்மா என்ன செய்தார்கள், பிள்ளை அதுபாட்டுக்கு விளையாடிக் கொண்டிருந்தது" என்பது சரியான பேச்சு அல்ல. பிள்ளை அதுபாட்டுக்கு விளையாடி, கிணற்றுப் பக்கம் போகாமல், பூச்சி மருந்துப் பாட்டிலைத் தொடாமல், பம்புசெட் அறைக்குள் நுழையாமல் ஏழு மணிக்கு உங்கள் கைக்கு வந்ததே, அதற்குத்தான் கூலி.

"அவர்கள் சும்மாதானே வீட்டில் இருக்கிறார்கள்" என்றும் சொல்வதுண்டு. மாலை நான்கு மணிக்கு எந்தக் கிராமத்துப் பெண்ணும் சும்மா இருப்பதை நான் பார்த்ததில்லை. மாடு கறக்கும் நேரம் அது, தண்ணீர் பிடிக்கும் நேரம் அது.

சரி, மணிக்கு என்ன மதிப்புப் போடுவது? இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி நம் நாட்டுச் சட்டத்திலேயே இருந்தது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்படி, வேலை நடக்கும் இடத்துக்கு வரும் பெண்களுடன் ஆறு வயதுக்கு உட்பட்ட ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்தால், அவர்களைப் பார்த்துக் கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும். அவருக்கும் மற்ற ஆட்களுக்குரிய அதே கூலியைத் தர வேண்டும். மண் வெட்டுபவருக்கு ஒரு கூலி, பிள்ளை பார்ப்பவருக்குக் குறைந்த கூலி என்று அங்கே பிரிக்கவில்லை. நாமும் அதே அளவுகோலை எடுத்துக் கொள்ளலாம். ஊரில் காட்டு வேலைக்குப் பெண்களுக்கு என்ன நாட்கூலியோ, அதை எட்டால் வகுத்து வருவது ஒரு மணி நேர மதிப்பு. இதற்குக் குறைந்து பேசினால் நல்ல ஆள் நிலைக்க மாட்டார்.

இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைக் காட்டி, "தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய்தானே கொடுத்தார்கள், அது போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மாலை நேரத்தில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பாடம் சொல்லித் தந்தார்கள். ஆயிரம் ரூபாய் என்பது ஊக்கத் தொகை. கூலி என்று யாரும் கொடுக்கவில்லை. மத்திய அரசின் தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்துக்கு மாதம் 20 ரூபாய், மாத வருமானம் 12,000 வரை உள்ளவர்களுக்கு 100, அதற்கு மேல் 200 என்று பெற்றோர் கட்டணம் வைத்திருந்தார்கள். அதையும் அப்படியே எடுத்துக் கொள்ளக் கூடாது. மீதிச் செலவை அரசு மானியம் தாங்கிய கட்டணம் அது. மானியம் இல்லாத வீட்டில் 100 ரூபாய்க்கு யாராலும் பிள்ளை பார்க்க இயலாது.

கணக்கு

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் கூலியும் விலையும் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக் கொண்டவை. உங்கள் ஊர்க் கூலியைப் போட்டு நீங்களே திருத்திக் கொள்ளுங்கள்.

பெண் ஆள் நாட்கூலி 400 ரூபாய் என்றால் மணிக்கு 50 ரூபாய். மாலை நான்கு முதல் ஏழு வரை மூன்று மணி நேரம். மாதத்தில் 22 பள்ளி நாட்களுக்கு 66 மணி நேரம், அதற்கு 3,300 ரூபாய். எட்டுப் பிள்ளைகளுக்குச் சுண்டலோ அவித்த கடலையோ தலைக்கு ஆறு ரூபாய் வீதம் 22 நாட்களுக்கு 1,056 ரூபாய். சோப்பு, பாய், விளக்குச் செலவு, குடிதண்ணீர் எல்லாம் சேர்த்து 244 ரூபாய் வைத்துக் கொள்வோம். ஆக மொத்தம் மாதம் 4,600 ரூபாய்.

இதை எட்டால் வகுத்தால் தலைக்கு 575 ரூபாய் வருகிறது. ஆனால் இரண்டு பிள்ளை உள்ள வீடு 1,150 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். மாலையில் கூடுதலாக இரண்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கும் தாய்க்கு அந்த 22 நாளில் மேல் வருமானம் 2,200 ரூபாய்தான். அதில் பாதிக்கு மேல் பிள்ளை பார்க்கவே போய் விட்டால் அவர் என்ன செய்வார்? மூத்த பெண்ணை நிறுத்தி விடுவார். ஆகவே ஒரே வீட்டின் இரண்டாவது பிள்ளைக்குப் பாதிக் கட்டணம் என்று வைப்பது நல்லது. ஆறு வீட்டிலிருந்து எட்டுப் பிள்ளைகள், அவர்களில் இருவர் இரண்டாவது பிள்ளைகள் என்றால் வகுக்க வேண்டியது ஏழால். முதல் பிள்ளைக்கு 660, இரண்டாவதற்கு 330. மொத்தம் 4,620 ரூபாய் வந்து விடும். பார்ப்பவருக்கு நட்டமில்லை, இரண்டு பிள்ளை வீடும் 990 ரூபாயோடு நிற்கும். சலுகை தரும்போது அந்தப் பாரம் எங்கே போய் இறங்குகிறது என்று பார்த்துத் தர வேண்டும். வாய் வார்த்தையாக "ரெண்டாவதுக்குக் குறைச்சுக்கோங்க" என்றால் அது பார்ப்பவரின் கூலியிலிருந்துதான் குறையும்.

வருமானத்துக்குத் தக்கபடி கட்டணம் வைக்கலாமே என்றால், ஆறு வீட்டுக்குள் அது வேண்டாம் என்பது என் எண்ணம். யாருக்கு எவ்வளவு வருகிறது என்ற விசாரணையிலேயே தெரு இரண்டாகி விடும்.

இந்தத் தொகை இடத்துக்கு, வருகைக்கு அல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல், பாட்டி வீட்டுக்குப் போய் விட்டது என்று நாளைக் கழிக்கக் கூடாது. அன்றைய சுண்டல் காசை வேண்டுமானால் கழிக்கலாம். பார்ப்பவர் உடம்புக்கு முடியாமல் நின்றால் அந்த நாளுக்குரிய தொகையை அவர் விட்டுக் கொடுக்க வேண்டும். பருத்தி எடுப்பு வாரம் ஒரு முறைதான் வருகிறது, மாதம் முழுதும் வேண்டாம் என்று சொல்லும் வீடுகளும் உண்டு. அவர்களுக்கு நாள் கணக்கில் பேசலாம். மாதக் கட்டணப்படி நாளுக்கு 30 ரூபாய் விழுகிறது; ஒற்றை நாளாக வருபவருக்கு 40 ரூபாய் வைப்பது முறை. மூட்டையாக வாங்குவதற்கும் படியாக வாங்குவதற்கும் விலை ஒன்றா? விடியலில் இரண்டு மணி நேரம் பார்த்துப் பள்ளிக்கு அனுப்புவதற்கு, அதே கணக்கில் நாளுக்கு 15 ரூபாய் அளவில் வரும்.

விடுமுறை நாள்

விடுமுறைக்கு மாதக் கட்டணத்தை நீட்டிக் கொள்ளலாம் என்று நினைப்பது தவறு. அது முழு நாள் வேலை. காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை ஒன்பது மணி நேரம், 450 ரூபாய். எட்டுப் பிள்ளைகளை நாள் முழுதும் ஒருவரே பார்க்கக் கூடாது. அவர் அடுப்படிக்குப் போன ஐந்து நிமிடத்தில்தான் எல்லாம் நடக்கும். அரை நாள் கூலிக்கு இன்னோர் ஆள் வேண்டும், 200 ரூபாய். தின்பண்டமும் மற்றதும் 50. மொத்தம் 700, ஏழால் வகுத்தால் முதல் பிள்ளைக்கு நாளுக்கு 100, இரண்டாவதற்கு 50. மதியச் சோறு தூக்குவாளியில் வர வேண்டும். அங்கேயே சமைப்பதாக இருந்தால் சாப்பாட்டுச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று தனியாகக் கொடுக்க வேண்டும். அதில் பாதிச் சலுகை கிடையாது, இரண்டாவது பிள்ளைக்கு வயிறு பாதியாக இருப்பதில்லையே!

நாட்கூலி 400 வாங்கும் தாய் 100 ரூபாய் கொடுப்பது கனமான செலவுதான். இங்கேதான் நிலக்காரர்கள் கவனிக்க வேண்டும். ஆறு பெண்கள் தவறாமல் வேலைக்கு வர வேண்டும் என்றால், அந்தத் துணை ஆளின் 200 ரூபாயை வேலை நடக்கும் நாளில் நீங்கள் ஏற்றுக் கொள்ளலாம். கட்டணம் 72 ரூபாய்க்கு இறங்கி விடும். வெடித்த பருத்தி எடுப்பார் இல்லாமல் மழையில் நனைந்தால் என்ன நட்டம் என்று உங்களுக்கே தெரியும். தாயின் மனம் பிள்ளை மேல் இருந்தால் எடுப்பும் ஓடாது.

காசு கையில் புழங்காத வீடுகளுக்கு இன்னொரு வழி உண்டு. ஆறு தாய்மார் சேர்ந்து, வாரத்தில் ஆளுக்கு ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பது. வயலில் நீ எனக்கு ஒரு நாள், நான் உனக்கு ஒரு நாள் என்று வேலை செய்வதில்லையா, அதுபோல. ஆறு நாள் கட்டணம் 600 ரூபாய். ஒரு நாள் கூலியை விட்டால் 400 ரூபாய். கணக்குப்படி இது மலிவுதான். துணைக்கு வீட்டுப் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். மாங்காய் இறங்கும் காலத்தில் இது நன்றாக நடக்கும். பருத்தி எடுப்பு வாரத்தில் நடக்காது. எல்லார் காட்டிலும் ஒரே நேரத்தில் வெடித்து நிற்கும்போது யார் வீட்டில் உட்காருவது? ஆகவே முறை வைத்துக் கொள்பவர்களும் எடுப்புக் காலத்துக்கு ஓர் ஆளைப் பேசி வைத்துக் கொள்வது நல்லது.

நோட்டில் எழுத வேண்டியவை

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பிள்ளை பெயர், வயது, பெற்றோர் கைபேசி எண், யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம், ஒத்துக்கொள்ளாத பண்டம் அல்லது மருந்து என்ன, கட்டணம், கொடுத்த தேதி. கட்டணத்தை மாதம் பிறந்து ஐந்து தேதிக்குள் கொடுக்க வேண்டும். பருத்தி போட்ட பிறகு மொத்தமாகத் தருகிறேன் என்பதை ஏற்க வேண்டாம். கடலை வாங்கிய கடைக்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

ஏழு மணிக்கு மேல் தாமதமானால் கால் மணி நேரம் பொறுக்கலாம். அதற்கு மேல் அரை மணிக்கு 25 ரூபாய். இது அபராதம் அல்ல, அதே மணிக் கூலிதான். கடைசிப் பிள்ளைக்காக அவர் தனியே காத்திருக்கிறார், ஆகவே தாமதித்த வீடே அதைத் தர வேண்டும். பஸ் தவறி விட்டது என்ற காரணம் உண்மையாகவே இருக்கும், கூலியும் உண்மையானதே.

ஒருவர் எட்டுக்கு மேல், மிஞ்சிப் போனால் பத்துக்கு மேல், பிள்ளைகளை ஏற்கக் கூடாது. தலை கூடினால் கட்டணம் குறையுமே என்ற ஆசை வரும். ஆடு பத்தோடு பதினொன்றாகப் போகும், பிள்ளை போகாது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு உள்ள வீட்டையும், மருந்தும் தெளிப்பானும் திறந்து கிடக்கும் வீட்டையும் தேர்ந்தெடுக்காதீர்கள். வாசலுக்கு ஒரு படல் வைக்க, மருந்துக்குப் பூட்டுள்ள பெட்டி வாங்கச் செலவு வந்தால் ஆறு வீடும் ஒரு முறை சேர்ந்து போட்டுக் கொள்ள வேண்டும்; மாதக் கட்டணத்தில் கலக்க வேண்டாம்.

இருபது ரூபாய் கொடுத்துப் பக்கத்து வீட்டுச் சிறுமியைப் பார்த்துக் கொள்ளச் சொல்வதும் நடக்கிறது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களைக் கூலிக்கு வேலையில் அமர்த்துவதை 2016-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அறவே தடுக்கிறது. சொந்த வீட்டில் பள்ளி நேரம் போகக் கைகொடுப்பது வேறு. அதிலும் பத்து வயது அக்காள் நான்கு வயதுத் தம்பியைத் தனியே பார்ப்பதை நான் பராமரிப்பு என்று சொல்ல மாட்டேன். அங்கே இரண்டு குழந்தைகள் தனியாக இருக்கிறார்கள், அவ்வளவே.

ஆண்டுக்கு ஒரு முறை, காட்டு வேலைக் கூலி உயரும்போது, இந்தக் கட்டணத்தையும் உயர்த்திப் பேச வேண்டும். கோடை விடுமுறைக்குரிய பேச்சைப் பங்குனிக்குள் முடித்து விடுங்கள். பள்ளி அடைத்த பிறகு பேசினால் அவசரத்தில் யாராவது ஒருவர் தாழ்ந்து போக நேரிடும். பொங்கல், தீபாவளி, ஆடிப்பூரத் தேரோட்டம் ஆகிய நாட்களில் பிள்ளை பார்ப்பவருக்கும் விடுமுறை உண்டு. அவரும் தேர் பார்க்கப் போக வேண்டும். அந்த நாளைக் காட்டி மாதத் தொகையில் பிடித்தம் செய்ய வேண்டாம்.